வலி என்னும் தூதுவன்: செங்கல்பட்டு தொழுநோய் மருத்துவமனை உலகுக்குக் கற்பித்த பாடம்

தாம்பரத்திலிருந்து தெற்கே செல்லும் மின்தொடர் வண்டியில் சிங்கப்பெருமாள் கோவிலைக் கடந்தால் அடுத்து வருவது பரனூர், அதற்கடுத்தது செங்கல்பட்டு. பரனூரில் தொழுநோயிலிருந்து மீண்டோர் வாழும் அரசு மறுவாழ்வு இல்லம் இருக்கிறது. செங்கல்பட்டை அடுத்த திருமணியில் மத்திய தொழுநோய் பயிற்சி மற்றும் ஆராய்ச்சி நிறுவனம் இயங்கி வருகிறது. மறைமலை நகரின் தொழிற்சாலைகளும் புதிய அடுக்குமாடிக் குடியிருப்புகளும் பெருகிவிட்ட இவ்வழியில் நாள்தோறும் பயணம் செய்வோரில் பலர் அந்த வளாகத்தின் வரலாற்றை அறிந்திருப்பதில்லை.

தொழுநோய் மனிதனின் சதையைத் தின்று விரல்களை உதிர்க்கும் நோய் என்றே பல நூற்றாண்டுகளாக உலகம் நம்பி வந்தது. விரல்கள் அழிவதற்குப் பெரும் காரணம் வலியை உணர முடியாமைதான் என்ற உண்மை, செங்கல்பட்டிலும் வேலூரிலும் நடந்த ஆய்வுகளால் நிலைநாட்டப்பட்டது. அதனைப் புரிந்துகொள்ள, வலி என்னும் செய்தி தோலிலிருந்து தண்டுவடத்துக்கும் அங்கிருந்து மூளைக்கும் எவ்வாறு செல்கிறது என்பதை மனிதர்கள் அறிந்துகொண்ட வரலாற்றையும் சேர்த்தே பார்க்க வேண்டும். நீரிழிவு நோய் வீட்டுக்கு வீடு காணப்படும் இக்காலத்தில், இவ்வரலாறு நம் ஒவ்வொருவரின் குடும்பத்தையும் தொடுகின்ற ஒன்றாகும்.

முன்னோர் கண்ட தண்டுவடம்

கி.பி. 2ஆம் நூற்றாண்டில் ரோம் நகரில் வாழ்ந்த கிரேக்க மருத்துவர் காலன். அரபு நூல்களில் இவர் ஜாலீனூஸ் எனப்படுகிறார். சிரியாவைச் சேர்ந்த பௌசானியாஸ் என்ற அறிஞர், கையின் சுண்டுவிரல், மோதிரவிரல், நடுவிரலின் பாதி ஆகியவற்றில் உணர்விழந்த நிலையில் இவரிடம் வந்தார். மற்ற மருத்துவர்கள் அவருடைய விரல்களுக்கே மருந்திட்டுப் பார்த்துத் தோற்றிருந்தனர். காலன் அவரிடம் துருவித் துருவி வினவினார். பயணத்தில் வண்டியிலிருந்து விழுந்து, கழுத்துக்குக் கீழே முதுகின் மேற்பகுதியில் அடிபட்டதாக அவர் கூறினார். உடனே மருந்தை விரல்களிலிருந்து முதுகுக்கு மாற்றினார் காலன், நோயாளி குணமடைந்தார். விரலில் தோன்றும் மரமரப்புக்கு வேர் முதுகெலும்பில் இருக்கக்கூடும் என்பது அன்றே தெளிவாயிற்று. விலங்குகளின் தண்டுவடத்தை வெவ்வேறு மட்டங்களில் வெட்டிப் பார்த்து, வெட்டிய இடத்துக்குக் கீழே உணர்வும் அசைவும் அற்றுப்போவதையும் அவர் பதிவு செய்துள்ளார்.

காலனின் மருத்துவ நூல்களை 9ஆம் நூற்றாண்டு பக்தாதில் ஹுனைன் இப்னு இஸ்ஹாக்கும் அவருடைய குழுவினரும் மொழிபெயர்த்தனர். அந்த அறிவுச் செல்வத்தை ஒழுங்குபடுத்தி, கி.பி. 1025 வாக்கில் ‘அல்கானூன் ஃபித்திப்’ என்னும் பெருநூலை நிறைவு செய்தார் இப்னு ஸீனா. எல்லா நரம்புகளும் மூளையிலிருந்தே நேராகப் புறப்பட்டிருந்தால் என்னவாகும் என்று அவர் அதில் சிந்திக்கிறார். தலை இப்போதுள்ளதைவிட மிகப் பெரியதாக இருக்க வேண்டியிருக்கும். உடலுக்கு அது சுமையாகும். கை கால்களின் நுனி வரை நரம்புகள் நெடுந்தொலைவு செல்ல நேர்வதால் எளிதில் சேதமுறும். ஆகவேதான் ஊற்றிலிருந்து ஓடை புறப்படுவது போல, மூளையின் ஒரு பகுதி தண்டுவடமாக முதுகெலும்பின் வழியே கீழிறங்கி, இருபுறமும் நரம்புகளைப் பிரித்தளிக்கும்படி படைப்பாளன் அமைத்திருக்கிறான் என்று அவர் விளக்குகிறார்.

செய்தி செல்லும் வழி

தண்டுவடத்திலிருந்து 31 இணை நரம்புகள் பிரிகின்றன. ஒவ்வொரு நரம்பும் முன்வேர், பின்வேர் என இரண்டு வேர்களால் தண்டுவடத்துடன் இணைந்திருக்கிறது. இவற்றுக்குள் வேலைப் பிரிவினை இருப்பதை 19ஆம் நூற்றாண்டில்தான் கண்டறிந்தனர். முன்வேர் அசைவுக்கு உரியது என்பதை 1811இல் இங்கிலாந்தில் சார்லஸ் பெல் சுட்டினார். பின்வேர் உணர்வுக்கு உரியது என்பதை 1822இல் பிரான்சில் ஃபிரான்சுவா மஜாந்தி சோதனை வாயிலாக உறுதி செய்தார். இருவர் பெயராலும் அவ்விதி இன்று வழங்குகிறது.

அந்த வேர்களுக்குள் இருக்கும் நரம்பணுக்களைத் தனித்தனியாகக் கண்டு வரைந்தவர் ஸ்பெயின் நாட்டின் சாந்தியாகோ ரமோன் இ கஹால். நரம்பு மண்டலம் ஒரே தொடர்ச்சியான வலை என்று பலர் கருதிய காலத்தில், அது தனித்தனி அணுக்களால் ஆனது என்பதை அவர் 1888 முதல் வெளியிட்ட ஆய்வுகளால் காட்டினார். 1906இல் நோபல் பரிசு பெற்றார். ஓர் அணு மற்றோர் அணுவிடம் செய்தியைக் கையளிக்கும் இடத்துக்கு ‘சினாப்ஸ்’ என்னும் பெயரை 1897இல் வழக்குக்குக் கொண்டுவந்தவர் ஆங்கிலேயரான சார்லஸ் ஷெரிங்டன்.

சூடான தோசைக்கல்லில் விரல் பட்டுவிட்டது என்று கொள்வோம். தோலில் உள்ள நரம்பு நுனி அந்தச் சூட்டை மின் துடிப்பாக மாற்றுகிறது. அந்த நரம்பிழைக்கு உரிய அணுவின் உடல் விரலில் இல்லை. முதுகெலும்பை ஒட்டிப் பின்வேரில் இருக்கும் ஒரு சிறு முடிச்சில் இருக்கிறது. அவ்வணுவிலிருந்து புறப்படும் இழை இரண்டாகப் பிரிந்து, ஒரு கிளை தோல் வரையிலும் மற்றொரு கிளை தண்டுவடத்துக்குள்ளும் நீள்கிறது. கால் பெருவிரலுக்குச் செல்லும் கிளை ஒரு மீட்டர் நீளம் இருக்கக்கூடும்.

தண்டுவடத்தைக் குறுக்கே வெட்டிப் பார்த்தால், நடுவில் வண்ணத்துப்பூச்சியின் வடிவில் சாம்பல் நிறப் பகுதி ஒன்று தெரியும். அதன் பின்புறச் சிறகான பின்கொம்பில்தான் வலியும் வெப்பமும் பற்றிய செய்திகள் முதன்முதலில் கையளிக்கப்படுகின்றன. அங்குள்ள இரண்டாம் அணு செய்தியைப் பெற்று, தண்டுவடத்திலேயே எதிர்ப்பக்கத்துக்குக் கடந்து மேலேறி, மூளையின் உட்பகுதியான தலாமஸ் வரை கொண்டு செல்கிறது. மென்மையான தொடுகையும், உறுப்புகள் எந்நிலையில் இருக்கின்றன என்னும் உணர்வும் வேறு வழியில் செல்கின்றன. அவை நுழைந்த பக்கத்திலேயே தண்டுவடத்தின் பின்புறமாக மேலேறி, மூளையின் அடித்தண்டை அடைந்த பின்னரே பக்கம் மாறுகின்றன. இதனால் தண்டுவடத்தின் ஒரு பாதி மட்டும் சேதமுற்றவர், சேதமுற்ற பக்கத்தில் மெல்லிய தொடுகையையும் எதிர்ப்பக்கத்தில் வலியையும் இழக்கிறார்.

வலிச் செய்தியைச் சுமக்கும் இழைகளிலும் இரு வகை உண்டு. ஒரு வகை விநாடிக்கு 5 முதல் 30 மீட்டர் வேகத்தில் செய்தியைக் கடத்தும். ‘சுரீர்’ என்று முதலில் தைக்கும் வலி இதுதான். மற்றொன்று விநாடிக்கு 2 மீட்டருக்கும் குறைவான வேகத்தில் ஊர்வது. பின்னால் வந்து நெடுநேரம் காந்தும் எரிச்சல் அதனுடையது. ஆனால் மூளை அறிவதற்கு முன்பே தண்டுவடம் செயற்பட்டுவிடுகிறது. பின்கொம்புக்கு வந்த செய்தி இடைநிலை அணுக்கள் வழியாக முன்கொம்பின் இயக்க அணுக்களை அடைந்து, தசையைச் சுருக்கிக் கையை இழுத்துக்கொள்ளச் செய்கிறது. “சுட்டுவிட்டது” என்று நாம் எண்ணுவதற்குள் கை விலகியிருக்கும்.

தண்டுவடம் செய்தியை அப்படியே கடத்திவிடும் வெறும் குழாயும் அன்று. எந்த வலியை எவ்வளவு மேலே அனுப்புவது என்பதை ஒழுங்குபடுத்தும் வாயில் போன்ற அமைப்பு பின்கொம்பில் இருக்கிறது என்னும் கோட்பாட்டை 1965இல் ரொனால்ட் மெல்சாக்கும் பேட்ரிக் வாலும் முன்வைத்தனர். இடித்துக்கொண்ட முழங்காலை நாம் தேய்த்துவிடும்போது வலி தணிவது ஏன் என்பதற்கு அது விளக்கம் தந்தது. தொடுகையின் செய்தி வலியின் செய்தியைத் தண்டுவடத்திலேயே அடக்குகிறது. விழுந்த பிள்ளையைத் தாய் தடவிக் கொடுப்பதில் உள்ள மருத்துவம் இதுவே.

திருமணியில் ஒரு கேள்வி

இத்தனை நுட்பமான தூதுப் பணி நின்றுபோனால் மனிதனுக்கு என்ன நேரும்? அதற்கான விடை திருமணியில் கண்ணெதிரே இருந்தது.

சென்னை மாகாண ஆட்சியின்போது 1924இல் அங்கு லேடி வில்லிங்டன் தொழுநோய் மருத்துவமனை நிறுவப்பட்டது. தொழுநோய் மருத்துவத்தில் உலகப் புகழ் பெற்ற ராபர்ட் காக்ரேன் அங்குப் பணியாற்றினார். நோயை உண்டாக்கும் கிருமியை நார்வே நாட்டு மருத்துவர் ஹான்சன் 1873லேயே கண்டறிந்திருந்தார். ஆயினும் 1940கள் வரை அதனைக் கொல்லும் தக்க மருந்து இருக்கவில்லை. சல்ஃபோன் வகை மருந்துகளை இந்தியாவில் பயன்படுத்துவதில் முன்னின்றவர்களுள் காக்ரேன் ஒருவர். கிருமி கட்டுப்பட்டது, எனினும் மடங்கிய விரல்களும் ஆறாத புண்களும் அப்படியே இருந்தன.

1947இல் வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியிலிருந்து பால் பிராண்ட் என்ற இளம் அறுவை மருத்துவர் காக்ரேனைக் காணச் செங்கல்பட்டுக்கு வந்தார். 1914இல் நம் கொல்லிமலையில் பிறந்தவர் அவர். நோயாளிகளின் கைகளைக் கண்டு, இவை இவ்வாறு மடங்குவது ஏன் என்று அவர் கேட்டார். எலும்பு மருத்துவர் நீங்கள்தாம், நீங்கள்தாம் அதைச் சொல்ல வேண்டும் என்ற கருத்தில் காக்ரேன் விடையளித்தார். இத்தனை பேரை முடமாக்கும் நோயை எலும்பு மருத்துவர் எவரும் ஆராயவில்லை என்ற ஆதங்கம் அவ்விடையில் இருந்தது.

அங்கிருந்த நோயாளி ஒருவரின் மடங்கிய கைக்குள் பிராண்ட் தம் கையை வைத்து, இயன்றவரை அழுத்துமாறு கேட்டார். பலமற்ற பிடியை எதிர்பார்த்தவருக்கு, வலியால் கத்தும் அளவுக்கு இறுகிய பிடி கிடைத்தது. தன் பிடி பிறருக்கு வலிக்கிறது என்பது நோயாளிக்குத் தெரியவே இல்லை. கையின் சிறு தசைகள் செயலிழந்திருந்தும் முன்கையின் தசைகள் வலுவோடு இருப்பதை அந்தப் பிடி காட்டியது. நல்ல தசைநாண் ஒன்றை இடம் மாற்றி இணைத்தால் விரல்களை மீண்டும் நிமிர்த்தலாம் என்ற எண்ணம் அங்கிருந்து பிறந்தது. அத்தகைய அறுவைகளை அவர் வேலூரில் தொடங்கி வளர்த்தெடுத்தார்.

இறந்த நோயாளிகளின் உடல்களை ஆய்ந்தபோது, நரம்புகள் எல்லா இடத்திலும் சீராகக் கெடாமல், முழங்கை, மணிக்கட்டு, முழங்கால் போன்ற தோலை ஒட்டிய குளிர்ந்த இடங்களில் வீங்கியிருப்பதை அவர் கண்டார். தொழுநோய்க் கிருமி உடலின் உள்வெப்பத்தைவிடக் குளிர்ந்த இடங்களை விரும்புவது. அதாவது, இந்நோயாளிகளின் தண்டுவடத்தில் பின்கொம்பின் அணுக்கள் செய்தியைப் பெறக் காத்திருக்கின்றன. முழங்கையருகே கம்பி அறுந்துவிட்டதால் விரலிலிருந்து செய்தி வந்து சேர்வதில்லை. அஞ்சலகம் திறந்திருந்தும் கடிதம் வராத நிலை இது.

விரல்கள் எங்கே போயின?

அப்படியானால் விரல்கள் அழிவது எதனால்? பிராண்டும் அவருடைய குழுவினரும் நோயாளிகளின் அன்றாட வாழ்வைக் கூர்ந்து நோக்கினர். துருப்பிடித்த பூட்டு ஒன்றை பிராண்டால் திறக்க முடியவில்லை. அருகிலிருந்த சிறுவன் சாவியை வாங்கி எளிதாகத் திருப்பினான். அவனுடைய விரல் எலும்பு தெரியக் கிழிந்திருந்தது. அவனோ அதை அறியவில்லை. ஒருவர் நெருப்புக்குள் கையிட்டு, விழுந்த கிழங்கை எடுத்தார். இரவில் உறங்கி எழுந்த சிலருக்கு விரலின் ஒரு பகுதியே காணாமற் போயிருந்தது. இரவில் விழித்திருந்து கண்காணித்தபோது விடை கிடைத்தது: எலிகள் கடித்துச் சென்றிருந்தன. அதன் பின்னர் வீடு திரும்பும் நோயாளிகளுடன் ஒரு பூனையையும் அனுப்பும் வழக்கம் ஏற்பட்டது.

ஆக, விரல்கள் தாமாக உதிரவில்லை. வலி எச்சரிக்காததால் காயங்கள் பெருகின. காயம்பட்ட உறுப்புக்கு ஓய்வு கொடுக்க எதுவும் உணர்த்தாததால் அவை ஆறவில்லை. சீழ் பிடித்து எலும்பு கரைந்தது. காயத்தைத் தடுத்தால் விரலைக் காக்கலாம் என்பது இதன் பொருள். மென்மையான நுண்ணறை ரப்பர் செருப்புகள் வேலூரிலும் 1955இல் நிறுவப்பட்ட காரிகிரி மையத்திலும் இந்நோக்கத்தோடு பரவலாகப் பயன்படலாயின. அதே 1955இல் திருமணி மருத்துவமனையை மத்திய அரசு ஏற்றுப் பயிற்சி, ஆராய்ச்சி நிறுவனமாக்கியது.

பிராண்ட் மேலும் ஒன்றைக் கவனித்தார். உணர்விழந்த கையை நோயாளிகள் தம் உடலின் பகுதியாகவே கருதவில்லை. ஏதோ ஒரு கருவியைப் போல அதனைக் கையாண்டனர். 1966இல் அமெரிக்காவின் கார்வில் மருத்துவமனைக்குச் சென்ற பின், செயற்கையாக வலியுணர்த்தும் கருவி ஒன்றை உருவாக்க முயன்றார். கையுறையில் பொருத்திய உணரிகள் ஆபத்து நேர்ந்தால் ஒலி எழுப்பின. நோயாளிகள் அதைப் பொருட்படுத்தவில்லை. மின்னதிர்ச்சி தரும்படி மாற்றினார். வேலை முடியும்வரை கருவியை அணைத்துவிட்டனர். நம்மால் அணைக்க முடியாததாக இருப்பதில்தான் வலியின் பயன் இருக்கிறது என்ற முடிவுக்கு அவர் வந்தார். எவரும் விரும்பாத கொடை வலி என்னும் கருத்தைத் தலைப்பாகக் கொண்டு 1993இல் அவர் நூலொன்றும் வெளியிட்டார்.

நாற்காலியில் அமர்ந்த அறுவை மருத்துவர்

கம்பி அறுந்தவர்களின் வரலாற்றோடு, தண்டுவடமே துண்டுபட்ட ஒருவரின் வரலாறும் வேலூரில் பின்னிக் கிடக்கிறது. இளம் மருத்துவரான மேரி வர்கீஸ் 1954இல் நடந்த சாலை விபத்தில் முதுகெலும்பு முறிந்து, இடுப்புக்குக் கீழே உணர்வையும் அசைவையும் இழந்தார். அவருடைய கால்களில் நரம்புகளும் தோலும் நலமாகவே இருந்தன. அவை அனுப்பும் செய்தி மூளைக்கு ஏறும் பாதைதான் அடைபட்டது.

சக்கர நாற்காலியில் அமர்ந்தபடியே தொழுநோயாளிகளின் கைகளுக்கு அறுவை செய்ய அவர் பயின்றார். கால்களை உணர முடியாத மருத்துவர், கைகளை உணர முடியாத நோயாளிகளுக்கு விரல்களை மீட்டுக் கொடுத்தார். 1966இல் வேலூரில் மறுவாழ்வு மருத்துவ நிலையம் உருவாக அவரே காரணமாக இருந்தார். 1972இல் இந்திய அரசு அவருக்குப் பத்மஸ்ரீ விருது வழங்கியது.

சமுதாயம் இழந்த உணர்வு

இறைநம்பிக்கையாளர்களை ஒரே உடலுக்கு ஒப்பிட்ட நபிமொழியை நாம் அனைவரும் அறிவோம். ஓர் உறுப்பு நோயுற்றால் ஏனைய உறுப்புகளும் உறக்கமின்மையாலும் காய்ச்சலாலும் அதன் துன்பத்தில் பங்குகொள்ளும் என்பது அதன் கருத்து. உமையா கலீஃபா அல்வலீத் இப்னு அப்துல் மலிக், ஹிஜ்ரி 88 (கி.பி. 707) வாக்கில் திமிஷ்கில் மருத்துவமனை அமைத்ததையும், தொழுநோயாளிகள் பிச்சையெடுக்க நேராதபடி அவர்களுக்கு உதவித்தொகை வழங்கியதையும், பார்வையற்றோருக்கு வழிகாட்டியும் முடங்கியோருக்குப் பணியாளும் அளித்ததையும் வரலாற்றாசிரியர்கள் குறித்துள்ளனர்.

நம் நாட்டின் சட்டங்கள் வேறு வழியில் சென்றன. 1898ஆம் ஆண்டின் தொழுநோயாளர் சட்டம், வறிய நோயாளிகளைப் பிடியாணை இன்றிக் கைது செய்து அடைத்து வைக்கக் காவலர்களுக்கு அதிகாரம் தந்தது. 1982 முதல் உலக சுகாதார நிறுவனம் பரிந்துரைத்த கூட்டு மருந்துச் சிகிச்சை இந்நோயை முற்றிலும் குணப்படுத்தத் தொடங்கிய பின்னரும், அச்சட்டம் 2016இல்தான் நீக்கப்பட்டது. முஸ்லிம் குடும்பங்கள் அறிய வேண்டிய மற்றொன்றும் உண்டு. 1939ஆம் ஆண்டின் முஸ்லிம் திருமண முறிவுச் சட்டத்தில், மனைவி மணமுறிவு கோருவதற்கான காரணங்களுள் ஒன்றாகக் கணவனின் தொழுநோய் இடம்பெற்றிருந்தது. இந்து, கிறித்தவச் சட்டங்களிலும் இதுபோன்ற பிரிவுகள் இருந்தன. 2019இல் நிறைவேறிய தனிநபர் சட்டத் திருத்தத்தின்படி ஐந்து சட்டங்களிலிருந்தும் தொழுநோய் என்னும் காரணம் நீக்கப்பட்டது. குணமாகும் நோய்க்காக ஒரு குடும்பத்தைப் பிரிக்க இப்போது சட்டத்தில் இடமில்லை.

நம் வீட்டில் நடப்பது

தொழுநோய் இன்று அரிதாகிவிட்டது, முற்றிலும் ஒழிந்துவிடவில்லை. தோலில் உணர்வற்ற வெளிறிய அல்லது சிவந்த தேமல் தோன்றினால் மறைக்காமல் அரசு ஆரம்ப சுகாதார நிலையத்தை நாட வேண்டும். மருந்து இலவசம், 6 அல்லது 12 மாதங்களில் சிகிச்சை நிறைவுறும்.

ஆனால் திருமணியில் தொடங்கிய பாடம் இன்று பெரிதும் தேவைப்படுவது நீரிழிவு உள்ளவர்களுக்கே. நெடுநாள் கட்டுப்படாத சர்க்கரை நரம்பிழைகளைச் சிதைக்கிறது. மிக நீண்ட இழைகள் முதலில் பாதிப்புறுவதால், மரமரப்பு கால்விரல்களிலிருந்து தொடங்குகிறது. செருப்பு கழன்று விழுவதும், முள் தைத்ததும் தெரியாமல் போகிறது. வலிக்கவில்லை என்பதற்காக வாப்பாவோ உம்மாவோ புண்ணைச் சிறிதாக எண்ணிவிடுவார்கள். வலிக்காத புண்தான் அஞ்சத்தக்கது.

இதற்கான காவல் நம் வழக்கத்திலேயே அமைந்திருக்கிறது. நாள்தோறும் ஒளூவில் கால்களைக் கழுவுகிறோம். விரல் இடுக்குகளைக் கோதிக் கழுவுவது சுன்னத். அவ்வேளையில் ஒருமுறையேனும் உள்ளங்காலையும் விரல் இடுக்குகளையும் கண்ணால் பாருங்கள். வெடிப்பு, கொப்புளம், நிறமாற்றம் ஏதும் உண்டா என்று கவனியுங்கள். குனிய இயலாத முதியவர்களுக்குப் பிள்ளைகள் பார்த்துச் சொல்லலாம். அல்லது தரையில் கண்ணாடி வைத்துப் பார்க்கலாம். கழுவியபின் இடுக்குகளில் ஈரம் தங்காமல் துடைத்துவிடுங்கள். வெந்நீரின் சூட்டைக் காலால் சோதிக்காமல் முழங்கையால் சோதியுங்கள். நரம்பு பாதிப்பு கைக்கும் எட்டியிருந்தால் வீட்டிலுள்ள வேறொருவர் சோதிக்கட்டும். வெயிலில் காய்ந்த பள்ளிவாசல் முற்றத்திலும், ஹஜ், உம்ரா பயணத்தில் சுடும் தரையிலும் வெறுங்காலுடன் நடக்க வேண்டாம். இஹ்ராமில் கணுக்கால் தெரியும் செருப்பு அணியத் தடையில்லை. ஆண்டுக்கு ஒருமுறையேனும் மருத்துவரிடம் கால் உணர்வைச் சோதித்துக்கொள்ளுங்கள். 10 கிராம் விசையில் வளையும் நைலான் இழையைப் பாதத்தில் தொட்டுப் பார்க்கும் எளிய சோதனை அது. சில நிமிடங்களில் முடிந்துவிடும்.

நரம்பு சொல்லத் தவறியதைக் கண் சொல்லட்டும் என்பதே செங்கல்பட்டிலும் வேலூரிலும் நோயாளிகளுக்குக் கற்பித்த வழி. இன்று மஃரிபுக்கு ஒளூச் செய்யும்போது, வீட்டில் சர்க்கரை நோயுள்ள பெரியவரின் கால்களை ஒருமுறை பார்த்துவிடுங்கள். நம் அனைவரின் உடல் நலத்தையும் வல்ல அல்லாஹ் காத்தருள்வானாக. ஆமீன்.